சிமுலேட்டரில் பழகினால் போதாதா? டெனரிஃப் முதல் கிம்லி வரை

விமானம் பற்றி எப்போது எழுதினாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டாக்டர், இப்பதான் எல்லாமே ஆட்டோ பைலட் ஆயிடுச்சே. சிமுலேட்டரும் அச்சு அசலா நிஜ விமானம் மாதிரியே இருக்கு. அப்புறம் எதுக்கு பைலட் ஆகணும்னா நிஜ விமானத்துல 200 மணி நேரம் பறக்கணும்? லட்சக்கணக்குல செலவு வேற."

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படிங்க.

முதலில் சிமுலேட்டர் வந்த கதை. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கரின் அப்பாவுக்கு நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குள் காற்று அடிக்கும் துருத்திகள் இருக்கும் இல்லையா, அதை வைத்தே 1929ல் ஒரு குட்டி விமானத்தைத் தரையில் ஆட வைத்தார் மகன். விமானப்படை அதைச் சீண்டவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்களில் காசு போட்டு ஏறி விளையாடினார்கள்.

1934 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தனியார் கம்பெனிகளின் விமானத் தபால் ஒப்பந்தத்தை ரத்து செய்து, அந்த வேலையை ராணுவ விமானப் பிரிவிடம் கொடுத்தார். கடும் பனிக்காலம். ராத்திரியிலும் மேகத்துக்குள்ளும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து பழக்கமில்லாத இளைஞர்கள். சில மாதங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்புறம்தான் ராணுவம் லிங்கிடம் ஆறு சிமுலேட்டர் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 10,000க்கும் மேல் செய்து கொடுத்தார்.

ஆக, சிமுலேட்டர் உயிர் காக்க வந்த கருவி. அதை மட்டம் தட்டுவது என் நோக்கம் இல்லை. ஆனா அது எதைச் சொல்லித்தரும், எதைச் சொல்லித்தராது, யாரும் நினைக்காத எதைத் தானாகப் பழக்கிவிடும் என்பதுதான் விஷயம். அந்த மூன்றாவதுக்கு ஒரு பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கு.

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. கேனரி தீவுகள், ஸ்பெயின். கிரான் கனாரியா விமான நிலையத்தில் பூக்கடையில் குண்டு வெடித்ததால் விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரிஃபுக்குத் திருப்பிவிட்டார்கள். சின்ன விமான நிலையம், ஒரே ஒரு ரன்வே. அதில் கேஎல்எம், பான் ஆம் என்று இரண்டு ஜம்போ 747. போதாக்குறைக்கு மூடுபனி.

கேஎல்எம் விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. யாகோப் ஃபெல்தாவுசன் ஃபான் ஸாந்தன். வயது 50, மொத்தம் 11,700 மணி நேரம் பறந்தவர். கம்பெனியின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். கம்பெனி விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் முகம் அவருடையது. அன்று பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதி உண்டு என்று சில வாரங்களுக்கு முன்பு சோதித்துக் கையெழுத்துப் போட்டதே இவர்தான்.

விமானம் ரன்வேயின் முனையில் திரும்பி நின்றது. கேப்டன் எஞ்சின் வேகத்தைக் கூட்டினார். இன்னும் அனுமதி வரலையே என்றார் துணை விமானி. தெரியும், கேளு என்றார் கேப்டன். கேட்டார். கன்ட்ரோல் டவர் எந்தப் பாதையில் போகணும் என்பதற்கான அனுமதியை மட்டும் சொன்னது. கிளம்பலாம் என்று சொல்லவில்லை. துணை விமானி அதைத் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் பிரேக்கை விட்டுவிட்டார். விமானம் ஓட ஆரம்பித்தது. அதே ரன்வேயில் எதிரே பனிக்குள் பான் ஆம் வந்துகொண்டிருந்தது. அது இன்னும் விலகவில்லையா என்று பின்னால் இருந்த ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகமாகக் கேட்டார். விலகியாச்சு என்று அழுத்தமாகப் பதில் வந்தது.

583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றிலேயே அதிக உயிர் பறித்த விபத்து இன்றுவரை அதுதான்.

இவ்வளவு அனுபவசாலி அனுமதி இல்லாமல் எப்படிக் கிளம்பினார்? ஸ்பெயின் விசாரணை அறிக்கை பல காரணங்களைச் சொல்கிறது. பனி, ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் ரேடியோவில் எழுந்த இரைச்சல், வேலை நேரம் தாண்டிவிடுமோ என்ற அவசரம். இதற்கு நடுவில் பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு குறிப்பு இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல் பயிற்சியாளராகவே இருந்ததால் நிஜ வழித்தடங்களில் பறக்கும் பழக்கம் அவருக்குக் குறைந்திருந்தது. அதைவிட முக்கியமானது, சிமுலேட்டரில் பயிற்சியாளரே கன்ட்ரோல் டவராகவும் நடிப்பார். கிளம்பலாம் என்ற அனுமதியை அவரே கொடுத்துக்கொள்வார். பல நேரம் ரேடியோப் பேச்சே இருக்காது, அனுமதி இல்லாமலே விமானம் கிளம்பிவிடும்.

யோசிச்சுப் பாருங்க. சிமுலேட்டரில் எதிரே இன்னொரு விமானம் வராது. அனுமதிக்காகக் காத்திருப்பது அங்கே நேர விரயம். பத்து வருஷம் அப்படிப் பழகிய கைக்கு, அவசரமும் எரிச்சலும் சேர்ந்த ஒரு சாயங்காலம், அதே பழக்கம் திரும்பி வந்திருக்கலாம். நெதர்லாந்து தரப்பு பழியை முழுசா ஏற்கவில்லை, இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொண்டதே காரணம் என்றது. அதிலும் உண்மை இருக்கு. ஆனா சிமுலேட்டர் பற்றிய அந்தக் குறிப்பை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

ஏன்னா எங்க துறையிலும் இதே கதைதான். மாரடைப்புக்கு நெஞ்சை அழுத்தும் பயிற்சியை பொம்மையில்தான் ஆரம்பிப்போம். பொம்மை வாந்தி எடுக்காது. மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது வாய் முழுக்க ரத்தம் வந்து வழியை மறைக்காது. நிஜ நோயாளியின் விலா எலும்பு கைக்குக் கீழே முறியும்போது கை தானாகத் தயங்கும், வாசலில் உறவினர்கள் கதறுவார்கள். பொம்மை தேவைதான். பொம்மையில் பழகாத கையை நோயாளி மேல் வைக்க விடக்கூடாது. ஆனா பொம்மையில் நூற்றுக்கு நூறு வாங்கியவரை முதல் நாளே ராத்திரி டியூட்டியில் தனியாக விடவும் மாட்டோம்.

சரி, டெனரிஃபில் இருந்து 32 வருஷம் தள்ளி வருவோம். இந்த முறை பிரச்சினை ஆட்டோமேஷன்.

2009 ஜூன் 1. ரியோ டி ஜெனிரோவில் இருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. ஏர்பஸ் ஏ330, 228 பேர். அட்லாண்டிக் மேல் 35,000 அடி உயரம், நடு இரவு. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களை ஐஸ் அடைத்தது. வேகம் தெரியாததால் ஆட்டோ பைலட் கழன்றுகொண்டது. இப்போ நீங்க ஓட்டுங்க என்று மனிதர் கையில் கொடுத்துவிட்டது.

கேப்டன் ஓய்வுக்குப் போயிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்தவர் விமானத்தின் மூக்கை மேலே தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். விமானம் 38,000 அடி வரை ஏறி, வேகம் இழந்து, இறக்கைகளுக்குத் தூக்கும் சக்தி போய்விட்டது. இதைத்தான் ஸ்டால் என்பார்கள். மருந்து எளிது, மூக்கைக் கீழே தள்ளணும். ஸ்டால் என்று எச்சரிக்கைக் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தும் குச்சி பெரும்பாலும் பின்னாலேயே இழுபட்டிருந்தது. ஆட்டோ பைலட் கழன்றதில் இருந்து கடலில் விழும் வரை நான்கரை நிமிஷம்கூட இல்லை. எஞ்சின்கள் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஏன் இழுத்தார்? ஏர்பஸ் சாதாரண நிலையில் இருக்கும்போது குச்சியை முழுசா இழுத்தாலும் கம்ப்யூட்டர் ஸ்டால் ஆக விடாது. வேகத் தகவல் கெட்டுப்போனால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஓட்டியவர் மடையர் இல்லைங்க, கிட்டத்தட்ட 3,000 மணி நேரம் பறந்தவர். ஆனா அந்த மணி நேரத்தில் கையால் ஓட்டியது எவ்வளவு? 29,000 அடிக்கு மேலே விமானங்களுக்கு இடையே 1,000 அடிதான் இடைவெளி. அதனால் அங்கே ஆட்டோ பைலட்தான் உயரத்தைப் பிடித்திருக்கணும். மெல்லிய காற்றில் விமானம் கைக்கு எப்படி இருக்கும் என்று பழக வாய்ப்பே இல்லை. அந்தத் துணை விமானிகளுக்கு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி தரப்படவில்லை என்று 2012ல் வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கையே சொன்னது.

சிமுலேட்டரில் கற்றிருக்கலாமே? அந்தக் காலத்து சிமுலேட்டர்களுக்கு முழு ஸ்டாலுக்குள் போன பெரிய விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்றே சரியாகத் தெரியாது. மனிதர்கள் உள்ளே போட்டு வைத்ததைத்தானே அது திருப்பித் தரும்! அமெரிக்காவில் முழு ஸ்டால் பயிற்சி கட்டாயமானது 2019ல்தான்.

அதனால்தான் லாக் புக்கில் இருக்கும் மணிக் கணக்கை மட்டும் அனுபவம் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. எட்டு மணி நேரப் பயணத்தில் கையில் ஓட்டுவது பல நாள் சில நிமிஷம்தான். 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே கம்பெனிகளுக்கு எழுதியது, முடிகிற நேரத்தில் பைலட்டுகளைக் கையால் ஓட்ட விடுங்கள் என்று.

"அப்ப எல்லாத்தையும் நிஜ விமானத்துலயே கத்துக்கலாமே" என்றால், அதையும் செய்து பார்த்தாச்சு. 1967 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு டிசி-8 விமானத்தில் எஞ்சின் பழுதானால் எப்படி இறங்குவது என்று நிஜமாகவே பயிற்சி செய்தார்கள். விமானம் குடியிருப்பிலும் ஒரு விடுதியிலும் விழுந்து 19 பேர் செத்தார்கள். அதில் 13 பேர் தரையில் இருந்தவர்கள், சுற்றுலா வந்த பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. எஞ்சின் தீ, எஞ்சின் நின்றுபோவது இதெல்லாம் சிமுலேட்டரில்தான் பழகணும். அதில் மறுபேச்சே இல்லை.

ஆனா சிமுலேட்டர் செய்தவர்களே நினைத்துப் பார்க்காதது நடந்தால்?

1983 ஜூலை 23, கனடா. ஏர் கனடாவின் புத்தம் புது போயிங் 767, 69 பேர். நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். கிலோவில் போட வேண்டிய எரிபொருளைப் பவுண்டு கணக்கில் போட்டுவிட்டார்கள், அதாவது பாதிக்கும் குறைவு. நடு வானில் இரண்டு எஞ்சினும் அடுத்தடுத்து நின்றன. காக்பிட்டில் பெரும்பாலான திரைகள் இருண்டுவிட்டன. இரண்டு எஞ்சினும் நின்றால் என்ன செய்வது என்று அவர்களுக்குப் பயிற்சி கிடையாது, ஏன்னா அப்படி நடக்கவே நடக்காது என்று முடிவு பண்ணியிருந்தார்கள்.

கேப்டன் பாப் பியர்சன் விடுமுறை நாட்களில் கிளைடர் ஓட்டுபவர். எஞ்சினே இல்லாத விமானம் அது. துணை விமானி மோரிஸ் குவிந்தால் ஒருகாலத்தில் கிம்லி விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். வின்னிபெக் வரை போக முடியாது என்று கணக்குப் போட்டு, மூடப்பட்ட கிம்லி தளத்தைச் சொன்னது அவர்தான்.

அங்கே பழைய ரன்வேயில் அன்று கார் பந்தயம், குடும்பம் குடும்பமாகக் கூட்டம். இது அவர்களுக்குத் தெரியாது. விமானமோ அதிக உயரத்தில், அதிக வேகத்தில் வருகிறது. சுற்றி வர எஞ்சின் இல்லை. பியர்சன் கிளைடரில் செய்வதைச் செய்தார். ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்கம் ரட்டரை மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டார். உயரம் குறைந்தது, வேகம் கூடவில்லை. அவ்வளவு பெரிய ஜெட்டில் அப்படிச் செய் என்று எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

முன் சக்கரம் மடிந்து, மூக்கு தரையில் தேய்ந்து, கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் விமானம் நின்றது. வெளியே இறங்கும்போது சிலருக்குச் சிராய்ப்பு, அவ்வளவுதான். 69 பேரும் பிழைத்தார்கள். அங்கேயே அவசரத்துக்குப் பழுது பார்த்து அதைப் பறக்க வைத்துக் கொண்டுபோனார்கள். 2008 வரை அந்த விமானம் ஓடியது.