உலர்ந்த விழியும் சுறா ஈரலும்

சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் போனால், முடசலோடைத் துறையில் மீன் இறங்குவதைப் பார்க்கலாம். வலையில் சுறா இருந்தால் அதன் ஈரலைக் கவனியுங்கள். மிகப் பெரியது, எண்ணெய் நிறைந்தது. அந்த எண்ணெய் ஒரு காலத்தில் குழந்தைகளின் கண்ணுக்கு மருந்தாக இருந்தது.

கண் உலர்வது என்றால் கண்ணீர் வற்றுவது என்றுதானே நினைப்பீர்கள்? முதியோருக்கும், நாள் முழுதும் கணினித் திரையைப் பார்ப்போருக்கும் பெரும்பாலும் கண்ணீர் குறைவதாலோ, விரைவில் ஆவியாவதாலோ கண் உலர்கிறது. அதற்குச் சொட்டு மருந்து உதவும். குழந்தைகளின் உலர்விழி நோய் வேறு. வைட்டமின் ஏ குறைந்தால், விழிமேல் வழுவழுப்பைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. மேற்பரப்பு தோல்போலத் தடிக்கிறது. முதலில் மாலைக்கண், பிறகு வெண்விழியில் நுரை போன்ற புள்ளி, முற்றினால் கருவிழி இளகிக் குழைந்து, பார்வையே போய்விடும். எத்தனை சொட்டு விட்டாலும் வைட்டமின் உள்ளே போகாமல் இது தீராது.

தென்னிந்தியாவில் இந்நோய் பரவியிருந்ததைப் பற்றி, சென்னை அரசு கண் மருத்துவமனையின் டாக்டர் ரைட் 1922-இல் எழுதினார். காட் மீன் எண்ணெய்தான் அன்று கைகண்ட மருந்து. அதுவும் கப்பலில் வரவேண்டும். 1940-இல் ஜெர்மனி நார்வேயைப் பிடித்ததும் வரத்து தடைப்பட்டது. எங்கோ நடந்த போர் நம் கடலின் சுறாவுக்கு மதிப்பைத் தந்தது! அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில், அரசே சுறா ஈரல் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. 1947-இல் ஆட்டோ இஸ்லர் சுவிட்சர்லாந்தில் வைட்டமின் ஏ-யைச் செயற்கையாகத் தயாரித்தார். சுறா எண்ணெயின் செல்வாக்கும் சரிந்தது.

1970-இல் இந்திய அரசு, 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,00,000 அலகு வைட்டமின் ஏ தரும் திட்டத்தைத் தொடங்கியது. கண்ணைக் காப்பதே அதன் நோக்கம்.

அதைவிடப் பெரிய உண்மை திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் வெளிப்பட்டது. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் ரகமத்துல்லா குழுவினர் 15,419 குழந்தைகளை ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் 8,333 அலகு வைட்டமின் ஏ கிடைத்தது. முருங்கைக்கீரையும் மீனும் ஒழுங்காகக் கிடைத்தால் உணவிலிருந்தே பெறக்கூடிய அளவுதான். தொண்டர்கள் வாராவாரம் அதைத் தந்து, நோயையும் இறப்பையும் குறித்துவந்தார்கள். 1990-இல் முடிவு வெளியானது: அக்குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு! மூன்று வயதுக்கு உட்பட்டவர்களும், நெடுநாள் ஊட்டமின்றி வளர்ச்சி குன்றியவர்களுமே மிகுதியாகப் பிழைத்தார்கள்.