கணினி நோயும் அதனைக் களைந்த வரலாறும்

வீட்டுக் கணினியில் நச்சு நிரல் ஒன்று புகுந்து, அதனை அழித்துவிட்டோம் என்று நாம் ஆறுதல் கொண்ட மறுநாளே அது மீண்டும் தலைகாட்டுவதுண்டு. குடும்பத்தின் நிழற்படங்களும் வரவு செலவுக் கணக்குகளும் அக்கணினியிலேயே இருப்பின், கவலை பன்மடங்காகிறது. அழிக்கப்பட்டது எவ்வாறு மீளுகிறது? அதனை முற்றிலும் களைவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை, சென்ற அரை நூற்றாண்டின் கணினி வரலாற்றிலேயே அமைந்திருக்கிறது.

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாப் தாமஸ் என்பவர், அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே செல்லும் நிரலொன்றை எழுதினார். 'கிரீப்பர்' என்பது அதன் பெயர். தீங்கிழைப்பது அதன் நோக்கமன்று. அதனைத் தேடிச் சென்று நீக்குவதற்கென ரே டாம்லின்சன் 'ரீப்பர்' என்னும் நிரலை உருவாக்கினார். தன் வருகையைத் தானே அறிவித்துக்கொண்ட நிரலாதலின், கிரீப்பரைக் கண்டு நீக்குவது அரிதாக இருக்கவில்லை.

ஒளிந்து வாழும் நிரல் 1986-இல் தோன்றிற்று. லாகூரில் கணினித் தொழில் நடத்திய பாசித், அம்ஜத் என்னும் ஆல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' என்பதே அது. தாங்கள் இயற்றிய மருத்துவ மென்பொருளைப் பிறர் விலையின்றிப் படியெடுப்பதைத் தடுக்கவே அதனை எழுதியதாக அவர்கள் கூறினர். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதனுள் பொறித்தும் வைத்தனர். அக்காலத்துப் பிளாப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில், கணினியை எழுப்பும் சிறு கட்டளைத் தொகுதி ஒன்று இருக்கும். பிரெயின் அவ்விடத்தைத் தான் பற்றிக்கொண்டு, உண்மைத் தொகுதியை வேறோர் இடத்தில் மறைத்து, அவ்விடம் பழுதுற்றது என்றும் குறித்துவைத்தது. எவரேனும் தொடக்கப் பகுதியைப் படிக்க முயன்றால், மறைத்து வைத்த நல்ல தொகுதியையே எடுத்துக் காட்டியது. சோதித்தவர் தட்டில் களங்கமில்லை என்று நம்பினார்.

நோயுற்ற கணினியைக் கொண்டே அதன் நோயை ஆராய்வது, திருடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவதை ஒக்கும் என்பதை வல்லுநர் அப்போது உணர்ந்தனர். எனவே கணினிக்கு வெளியே நின்று சோதிக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. தூயதென உறுதியாகத் தெரிந்த தட்டின் ஓரத்து வெட்டின்மேல் சிறு பட்டையை ஒட்டிவிட்டால், அதில் எதனையும் எழுத இயலாது. அத்தட்டைக் கொண்டு கணினியை எழுப்பிய பின்னரே, நோயுற்ற தட்டை ஆராய்ந்தனர். 1990-இல் நம் நாட்டில் கண்டறியப்பட்ட 'ஜோஷி' என்னும் நச்சு நிரல் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. விசைப்பலகையின் வாயிலாகக் கணினியை மீண்டும் துவக்கினாலும் அது நினைவகத்தில் தங்கியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால்தான் நினைவகத்தை விட்டு அகன்றது.

பிளாப்பித் தட்டுகள் மறைந்தன; ஒளியும் உபாயமோ மறையவில்லை. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட சில இசைத் தட்டுகள், படியெடுப்பதைத் தடுக்கும்பொருட்டு விண்டோஸ் கணினிகளில் ஒரு நிரலை மறைவாக நிறுவின. மார்க் ருசினோவிச் அதனைக் கண்டறிந்து அவ்வாண்டு அக்டோபர் 31-இல் வெளியிட்டார். இயக்க அமைப்பு அளித்த கோப்புப் பட்டியலையும், வன்தட்டை நேரே படித்துப் பெற்ற பட்டியலையும் ஒப்பிட்டு நோக்குவதே அவர் கையாண்ட வழி. முன்னதில் காணப்படாதவை பின்னதில் இருந்தன. எனினும் அவற்றை அவர் நீக்கியபோது, கணினியின் இசைத்தட்டு இயக்கியும் உடன் செயலிழந்தது. அதனைச் சீர்செய்யத் தனியே உழைக்க நேர்ந்தது. கண்டதையெல்லாம் உடனே அழிப்பது தக்கதன்று என்பதற்கு இது சான்று.

2018-இல் ஈசெட் நிறுவன ஆய்வாளர் வெளியிட்ட 'லோஜாக்ஸ்' இன்னும் ஆழத்தில் உறைந்தது. அது தாய்ப்பலகையின் சில்லிலுள்ள தொடக்க நிரலிலேயே குடிகொண்டமையால், வன்தட்டை மாற்றினும் மீண்டும் வந்தது. இத்தகையவை இல்லங்களில் அரியன. வீட்டுக் கணினிகளைத் தாக்கும் பெரும்பான்மையானவற்றுக்குப் பழைய நெறியே இன்றும் பயன்படுகிறது.

முதற்கண் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். நோயற்ற வேறொரு கணினியில், நம்பத்தக்க நிறுவனத்தின் மீட்பு நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதனைக் கொண்டே கணினியை எழுப்பிச் சோதிக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் இந்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, நச்சு நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்க முன்வந்தது. இவற்றின் பின்னும் நோய் மீளுமாயின், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, வன்தட்டைத் துடைத்து, இயக்க அமைப்பைப் புதிதாக நிறுவுவதே சிறந்தது. படியெடுத்தவற்றைச் சோதித்த பின்னரே திரும்ப ஏற்ற வேண்டும். கடவுச்சொற்களைத் தூய கணினியிலிருந்து மாற்றவும் மறக்கலாகாது.

பென் டிரைவில் ஒரு படி முன்னரே எடுத்துப் பேழையில் வைத்திருக்கும் குடும்பம், வன்தட்டைத் துடைக்க அஞ்ச வேண்டுவதில்லை. கணினி நலமுற்றிருக்கும் நாளிலேயே அப்படியை எடுத்து வைப்பது ஒவ்வோர் இல்லத்தாரும் செய்யத்தக்க எளிய கடமையாகும்.