முகவரி யாருடையது? இணையக் குடிபெயர்வின் சிறு வரலாறு

இணையத்தில் எழுந்து வளர்ந்த பெருநகரம் ஒன்று 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி மூடப்பட்டது. அதன் பெயர் ஜியோசிற்றீஸ். அதில் குடியிருந்தவர்களுக்குச் சில மாதங்களுக்கு முன்னரே அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. வேண்டியவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கட்டணம் செலுத்தி எமது மற்றைய சேவைக்கு மாறிவிடுங்கள் என்பதே அதன் சாரம். இன்று சிறு வியாபாரிகள் தமது இணையத்தளத்தை ஒரு வழங்கியில் இருந்து இன்னொரு வழங்கிக்கு மாற்றும்போது எதிர்கொள்ளும் கேள்விகளில் முதன்மையானது அன்றே எழுந்துவிட்டது. போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகலாம் என்பதே அந்தக் கேள்வி.

ஜியோசிற்றீஸ் 1994ஆம் ஆண்டில் டேவிட் பொனெற், ஜோன் ரெஸ்னர் ஆகிய இருவரால் கலிபோர்னியாவில் 'பெவர்லி ஹில்ஸ் இன்ரநெற்' என்ற பெயரில் தொடங்கப்பட்டது. எவரும் இலவசமாக ஒரு பக்கம் அமைத்துக்கொள்ளலாம். பக்கங்கள் பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சினிமா ஆர்வலருக்கு ஹொலிவூட், கணினிக்காரருக்கு சிலிக்கன் வலி, வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் யுரேக்கா. முகவரியில் முதலில் ஜியோசிற்றீஸின் பெயர், பிறகு பேட்டையின் பெயர், அதன் பிறகு வீட்டிலக்கம் போல ஓர் எண். தமிழில் எழுதப்பட்ட ஆரம்பகால இணையப் பக்கங்கள் பலவற்றுக்கும் இத்தகைய இலவச இடங்களே தாயகமாக இருந்தன. கடன் அட்டை கையில் இல்லாத மாணவனும், ஆங்கிலம் தடுமாறும் கடைக்காரரும் உலகின் முன் ஒரு பலகையை மாட்ட முடிந்தது என்பது சிறிய விடயமல்ல.

1999ஆம் ஆண்டில் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 357 கோடி அமெரிக்க டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து ஜியோசிற்றீஸை வாங்கியது. பத்தாண்டுகளின் பின் அதே யாஹூ அதை மூடியது. யப்பானில் இயங்கிய கிளை மட்டும் 2019 மார்ச் வரை நீடித்தது. ஜேசன் ஸ்கொற் என்பவரின் முன்முயற்சியில் உருவான 'ஆர்க்கைவ் ரீம்' என்ற தன்னார்வக் குழு இயன்றவரை பக்கங்களைப் பிரதி செய்து, 2010இல் பொதுவெளியில் வைத்தது. வரலாற்று மாணவனுக்கு அது பெரும் கொடை. வியாபாரிக்கோ அது ஆறுதல் மாத்திரமே. அவருடைய விசிற்றிங் காட்டில் அச்சாகியிருந்த முகவரி, வாடிக்கையாளர் குறித்து வைத்திருந்த முகவரி, மற்றைய தளங்கள் இணைப்புக் கொடுத்திருந்த முகவரி ஆகிய எல்லாம் ஒருங்கே செத்துப்போயின. பக்கத்தைக் காப்பாற்றலாம், முகவரியைக் காப்பாற்ற முடியாது. ஏனெனில் முகவரி அவருடையதல்ல, நிலக்காரருடையது.

இதற்கு மாற்றுவழி அப்போதே இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற்றில், எந்தப் பெயர் எந்த எண்ணுக்கு உரியது என்ற பட்டியல் ஒரே கோப்பாகக் கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் பேணப்பட்டு வந்தது. கணினிகள் பெருகப் பெருக அந்தக் கோப்பு சுமை தாங்கவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். பெயர் வேறு, அந்தப் பெயருக்குரிய கணினி இருக்கும் இடம் வேறு என்று பிரித்து வைத்ததே இதன் அடிப்படைப் பயன். கணினி எங்கு மாறினாலும், பதிவேட்டில் எண்ணை மாத்திரம் மாற்றினால் போதும். இலங்கைக்குரிய 'எல்கே' என்ற குறியீடு 1990இல் கிடைத்தது. தமிழிலேயே எழுதப்படும் '.இலங்கை' 2010இல் வந்தது.

ஆனால் சொந்தப் பெயர் தொடக்கத்தில் ஏழைகளுக்கு எட்டவில்லை. 1995 செப்ரெம்பரில் நெற்வேர்க் சொலூசன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டொலர் அறவிடத் தொடங்கியது. 1999இல் பதிவுத் தொழிலில் போட்டி அனுமதிக்கப்பட்ட பின்னரே விலை இறங்கியது. வாடகை இடத்தின் விலை குறைந்ததற்கும் ஒரு தொழினுட்பக் காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் தனியான ஓர் இணைய எண் தேவைப்பட்டது. 1997இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 விதிமுறையின்படி, உலாவி தான் தேடும் தளத்தின் பெயரையும் சேர்த்தே வழங்கியிடம் சொல்ல வேண்டும். இதனால் ஒரே எண்ணின் கீழ் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்க முடிந்தது. மாதம் சில டொலருக்குக் கிடைக்கும் இன்றைய பகிர்வு வழங்கிகளின் பிறப்பு இதுதான்.

பத்திரிகைத் துறையில் இருந்து வந்தவன் என்ற வகையில் இதை நான் என் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்கிறேன். பத்திரிகைக்கு அச்சகம் ஒன்று, தலைப்புப் பெயர் இன்னொன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிக்கப்பட்ட அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. பின்னர் அதே பெயரில் பத்திரிகை மீண்டும் வந்தபோது, அது எந்த இயந்திரத்தில் அச்சாகியது என்று வாசகர் கேட்கவில்லை, பெயரைப் பார்த்து வாங்கினார்கள். இணையத்தில் ஆள்களப் பெயரே தலைப்புப் பெயர், வழங்கி வெறும் அச்சகம்.

இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவதால் வரும் தீமையை வெள்ளவத்தையில் ஒரு கடையில் கண்டிருக்கிறேன். கனடாவிலும் இலண்டனிலும் உள்ளவர்கள் யாழ்ப்பாணத்து உறவினருக்குப் பிறந்தநாள் கேக்கும் பூச்செண்டும் அனுப்புவதற்குக் கட்டளை பெறும் கடை அது. தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் ஆள்களப் பெயரையும் தன்னுடைய பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை, முதலாளியிடம் அப்போது மின்னஞ்சல்கூட இருக்கவில்லை. இளைஞர் வெளிநாடு போனார். புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல்கள் அவர் கைவிட்ட மின்னஞ்சல் பெட்டியில் விழுந்தன. காலக்கெடு கடந்தது, பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கோப்புகள் அனைத்தும் முதலாளியின் கையில் பத்திரமாக இருந்தன. ஆனால் பல ஆண்டுகளாகப் பழகிய வாடிக்கையாளர் தட்டிய கதவின் பின்னால் வேறு ஆள் இருந்தார்.

பெயர் கையில் இருந்தால் குடிபெயர்வு அச்சப்பட வேண்டியதல்ல. முதலில் புதிய இடத்தில் எல்லாவற்றையும் அமைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். பெயர்ப் பதிவில் உள்ள 'ரி.ரி.எல்.' என்ற கால அளவு, பழைய விடையை மற்றைய கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்கிறது. அதை ஓரிரு நாட்களுக்கு முன்பே 300 விநாடி அளவுக்குக் குறைத்துவிட்டால், மாற்றம் விரைவில் எங்கும் தெரியும். பழைய வழங்கியை உடனே நிறுத்தாமல் சில நாட்கள் ஓடவிட வேண்டும். பலரும் மறப்பது மின்னஞ்சலை. தளமும் தபாலும் ஒரே வழங்கியில் இருந்திருந்தால், பழைய பெட்டியில் உள்ள கடிதங்கள் தாமாக நடந்து வரமாட்டா. விண்டோஸ் வழங்கியில் இருந்து லினக்ஸ் வழங்கிக்குப் போகிறவர்கள், கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இனி வெவ்வேறாகக் கருதப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழுக்கென்று தனியான ஓர் ஆபத்தும் உண்டு. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய தளங்களில் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துக்கள். எழுத்துருக் கோப்பு கூடவே வராவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாகக் காட்சி தரும். யுனிகோட் வந்த பின்னரும் தொல்லை தீரவில்லை. பரவலாகப் பயன்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018இல் வெளியான 8.0 பதிப்பு வரை, இயல்பாகவே மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறையையே எடுத்துக்கொண்டது. தரவை ஏற்றி இறக்கும்போது எழுத்துமுறையைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். அப்படி மாறிச் சேமிக்கப்பட்ட பின் அந்தக் கேள்விக்குறிகளில் இருந்து எழுத்தை மீட்க முடியாது. மூலப் பிரதியும் அழிக்கப்பட்டிருந்தால் அந்த எழுத்து போனது போனதுதான். ஆகவே புதிய இடத்தில் தமிழ் வாசிக்கக் கூடியதாக இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே பழைய பிரதியில் கைவைக்க வேண்டும்.

ஜியோசிற்றீஸ் பழங்கதை என்று எண்ணுவோருக்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. கூகிள் நிறுவனம் தன் வியாபார விபரப் பக்கங்களின் துணைச் சேவையாகச் சிறு வியாபாரிகளுக்கு இலவச இணையத்தளங்களை வழங்கி வந்தது. அவை 2024 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டன. பழைய முகவரிக்கு வருவோரைத் திசைதிருப்பி அனுப்பும் ஏற்பாடும் அதே ஆண்டு ஜூன் 10ஆம் திகதியுடன் முடிந்தது. பதினைந்து ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள், ஒரே கதை. இதே கூகிள் தன் ஆள்களப் பதிவு வணிகத்தை 2023இல் ஸ்குவயர்ஸ்பேஸ் நிறுவனத்துக்கு விற்றபோது, ஏறத்தாழ ஒரு கோடி பெயர்கள் கைமாறின. ஆனால் அப்பெயர்களின் உரிமையாளர்கள் தமது முகவரியை இழக்கவில்லை. பதிவு செய்த முகவர் மாறினார், பெயர் அவர்களிடமே இருந்தது.

எமது கடைகளில் பல இன்று பேஸ்புக் பக்கம் ஒன்றையே தமது இணையத்தளமாகக் கொண்டிருக்கின்றன. வாடிக்கையாளர் அங்கே இருப்பதால் அங்கே கடை விரிப்பதில் தவறில்லை. ஆயினும் பலகையில் எழுதும் முகவரி சொந்தமானதாக இருக்கட்டும். அது யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது, புதுப்பித்தல் அறிவித்தல் யாருடைய மின்னஞ்சலுக்கு வருகிறது, அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முதலாளியும் இன்றே விசாரித்து அறிந்துகொள்வது நல்லது. விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.