விலைச்சீட்டும் வாக்குச்சீட்டும்

காரைக்கால் என்ற அளவில் அம்மையாரும் மாங்கனித் திருவிழாவும் நினைவில் எழுவது இயல்பு. அம்மையார் வணிகர் குடியில் தோன்றியவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அரசலாறு கடலோடு கூடும் இவ்வூர் வணிகத்தால் வளர்ந்தது; ஒருநாள் வணிக நிறுவனமொன்றுக்கே விலையாகவும் போயிற்று.

1664இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் தோன்றிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி பங்குதாரர் முதலீட்டில் இயங்கியது. எனினும் கோட்டை கட்டவும், படை வைக்கவும், மன்னரோடு உடன்படிக்கை செய்யவும் அது உரிமை பெற்றிருந்தது. 1738இல் அரியணை இழந்திருந்த தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி, உதவிக்கும் பொன்னுக்கும் ஈடாகக் காரைக்காலைத் தர இசைந்தார். புதுவை ஆளுநர் துய்மா உடன்பட்டார். அரியணை மீண்டபின் மன்னர் தயங்கவே, சந்தா சாகிபின் துணையால் 1739 பிப்ரவரியில் ஊர் கும்பினியின் வசமாயிற்று.

விலை சக்கரம் என்னும் நாணயத்தில் பேசப்பட்டது. மன்னர் பெற்றது பொருள். கும்பினி பெற்றது துறையும், துணியும், நெல் விளையும் ஊர்களும். மண்ணோடு வரி வாங்கும் உரிமையும் ஆளும் உரிமையும் கைமாறின. உழுதவரையும் நெய்தவரையும் வலை வீசியவரையும் எவரும் ஒரு சொல் கேட்டிலர். பல்லாயிரம் கல் தொலைவில் இருந்த பங்குதாரரின் இலாபமே அவர்தம் வாழ்வை அளக்கும் மரக்காலாயிற்று.

1769இல் கும்பினியின் தனியுரிமை நீங்கிற்று. ஆட்சி பிரெஞ்சு அரசிடம் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாக்குரிமையும் வந்தது. ஆயின் 1884ஆம் ஆண்டின் ஏற்பாடு வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது: ஐரோப்பியர், தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர், ஏனைய மக்கள். கைப்பிடியளவினரான ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல் இருந்தமையால், ஒருவர் வாக்கின் எடை மற்றொருவர் வாக்கின் எடைக்கு ஈடாகவில்லை.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய பேராளர் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அன்றும் நேரடியாகக் கேட்கப்பட்டவர் மக்கள் அல்லர், அவர்தம் பேராளரே. எனினும் 1739இல் எழாத குரல் அன்று சபையேறியது. நவம்பர் 1இல் ஆட்சி மாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் இணைப்புச் சட்டப்படி நிறைவெய்தியது.

2009இல் வாஞ்சூரில் தொடங்கிய தனியார் துறைமுகம், நொடிப்பு நடைமுறையின்வழி 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. இதனைப் பழைய விற்பனையோடு ஒன்றெனக் கருதுதல் தவறு. அன்று விற்கப்பட்டது ஆட்சி. இன்று கைமாறியது சட்டத்திற்கு உட்பட்ட ஒரு நிறுவனம். இவ்வேறுபாட்டைக் காப்பது வாக்குச்சீட்டே.

அச்சீட்டின் அருகிலும் பொன்னின் நிழல் விழக்கூடும். 2018இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில், நிறுவனங்கள் கட்சிகளுக்கு அளித்த நிதி மக்கள் கண்ணுக்கு மறைவாயிருந்தது. நன்கொடைக்கு இருந்த உச்சவரம்பும் அதற்குமுன் நீக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றம் இவ்விரண்டையும் அரசமைப்புக்கு முரணானவை எனத் தள்ளியது. கொடுத்தவர் யார் என்றறியாமல் வாக்களிப்பவர், விலை தெரியாமல் விற்கப்பட்ட பழைய குடிகளினின்று எவ்வளவு வேறானவர்?

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் சொல்லின் மதிப்பை அறிந்தவர்கள். 1739இன் விலைச்சீட்டில் இவ்வூர் மக்களின் சொல் ஒன்றேனும் இல்லை. அச்சொல் இனி எந்தச் சீட்டிலும் விடுபடாதிருக்க விழித்திருத்தல் நம் கடன்.