சுன்னாகத்துக் கரண்டும் கப்பல் என்ஜினும்

யாழ்ப்பாண ரவுணில மின்சார நிலைய வீதி எண்டு ஒரு றோட்டு இருக்கு. இப்ப அந்தப் பெயர்தான் மிச்சம். 1950களின் இறுதியிலிருந்து குடாநாட்டின் மின்சாரக் கதை சுன்னாகத்துக் கதை. டீசல் என்ஜின் கதை எண்டும் சொல்லலாம். போரில் தேசிய மின்வலையமைப்போடு தொடர்பு அறுந்து, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனத்துக்குப் பிறகு கிடைச்சதும் டீசல் வெளிச்சம்தான். 2013இல் திறந்த 24 மெகாவாட் 'உத்துரு ஜனனி'யில் ஓடுறது பின்லாந்தின் வார்ட்சிலா என்ஜின்கள். இதே இன என்ஜின்கள் கப்பல்களிலும் ஓடுகின்றன.

அப்ப கப்பல் என்ஜின்காரரின் வேலைகளும் கடலில்லாத சுன்னாகத்துக்கு வந்துதானே ஆகவேணும். அதில ஒண்டு, கிராங் சாப்ட் நேராக இருக்கோ எண்டு பார்க்கிறது.

பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் பெரிய இரும்புத் தண்டு அது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழே அதில் ஒரு வளைவு; வளைவின் இரு பக்கமும் தட்டையான கைகள். அந்தக் கைகளுக்கிடையில் டயல் கேஜை வைத்து, என்ஜினை மெல்ல ஒரு சுற்றுச் சுழற்றி, ஐந்து இடங்களில் வாசிப்பு எடுப்பினம். ஏன் ஐந்து? நேர் கீழே கனெக்டிங் றொட் மறிக்கும். அதனால் அங்கே இரு பக்கமும் ஒவ்வொன்று. தாங்கி தேய்ந்து தண்டு தொய்ந்திருந்தால், வளைவு மேலே வரும்போது கைகள் நெருங்கும், கீழே போனால் விரியும். கணக்கு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு சின்ன அசைவுக்கு ஏன் பயம்? நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால், ஒரு நாளில் பத்து லட்சத்து எண்பதாயிரம் தரம் அந்த இரும்பு விரிந்து சுருங்கும். கம்பியை மடக்கி மடக்கி முறிக்கிறதுபோலத்தான்.

கப்பலில் சரக்கு ஏறினால் உடலே வளையும், வாசிப்பும் மாறும். நிலத்தில் அந்தத் தொல்லை இல்லை. அத்திவாரம் இறங்காமல் இருந்தால் போதும்.

சுன்னாகம் எண்டால் எங்களுக்கு முதலில் நினைவு வாறது கிணற்றில் மிதந்த எண்ணெய். அது நியாயம்தான்: 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நொதேர்ன் பவர் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. ஆனால் கேஜும் கொப்பியுமாக என்ஜினுக்குள் குனிந்து நின்ற ஆக்களின் வேலை ஒரு பக்கத்திலும் எழுதப்படேல்ல. எண்ணெய் எப்படிக் கசிந்தது, எந்த என்ஜின் எத்தனை வருசம் தாங்கியது எண்டதுக்கெல்லாம் அவையும் சாட்சிகள்.

உங்கட வீட்டில பெரியப்பாவோ மாமாவோ அங்க வேலை செய்திருந்தால், அந்த வாசிப்புக் கொப்பி இன்னும் இருக்கோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.