கிழிந்த சட்டைக்கு முன்னால் ஒரு சிற்றிதழ்

நியூயார்க் பங்க் இசையின் தொடக்கக்காரர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஹெல் 1980களின் நடுவில் மேடையை விட்டு ஒதுங்கினார். பிறகு நாவல் எழுதினார், ஒரு பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதினார், 2015இல் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கினார். இதை மறுபிறவி என்று சொல்வதே வழக்கம்: கூச்சல் ஓய்ந்தது, ஹெராயின் பழக்கம் விட்டது, பாட்டுக்காரர் எழுத்துக்காரர் ஆனார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை தலைகீழாகிறது.

கென்டக்கி மாநிலத்தில் 1949இல் பிறந்த ரிச்சர்ட் மேயர்ஸ் (ஹெல்லின் இயற்பெயர்) 1966 இறுதியில் நியூயார்க்குக்கு வந்தது கவிஞராவதற்கு. பேஸ் கிதாரைத் தொடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நண்பரோடு சேர்ந்து ‘ஜெனிசிஸ் : கிராஸ்ப்’ என்ற சிற்றிதழை நடத்தினார். 1973இல் தெரசா ஸ்டெர்ன் என்ற பெண் கவிஞரின் தொகுப்பு வெளிவந்தது. அப்படி ஒருவர் உலகில் இல்லை. கவிதைகளை எழுதியவர்கள் மேயர்ஸும் பள்ளித் தோழர் டாம் மில்லரும்; பெண் வேடமிட்ட இருவர் முகங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து அவளுக்கு ஒரு முகமும் உண்டாக்கியிருந்தார்கள். அடுத்து அதே இருவர் ‘டெலிவிஷன்’ குழுவைத் தொடங்கினார்கள். மில்லர் பிரெஞ்சுக் கவிஞரின் பெயரைச் சூடி டாம் வெர்லைன் ஆனார், மேயர்ஸ் ஹெல் ஆனார். 1974இல் பௌரி தெருவின் சிபிஜிபி மதுக்கூடத்தில் மேடையேறிய ஹெல்லின் குத்திட்ட தலைமுடியும் கிழிந்த சட்டையும் தற்செயலானவை அல்ல. தெரசாவைப் போலவே யோசித்துப் படைத்த இன்னொரு பாத்திரம் அது. அப்போது நியூயார்க் வந்துபோன, பின்னாளில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மேலாளரான மால்கம் மெக்லாரன் அந்தக் கோலத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு லண்டன் திரும்பியதையும், அங்கே செக்ஸ் பிஸ்டல்ஸ் கிளம்பியதையும் மெக்லாரனே மறைத்ததில்லை. உலகம் பங்க் என்று அடையாளம் காணும் தோற்றத்தில் ஒரு சிற்றிதழ்க்காரரின் கைவேலை இருக்கிறது.

ஒருவரை வைத்து ஓர் இயக்கத்தை அளக்கலாமா என்று கேட்கலாம். அவர் தனி ஆள் அல்ல. பங்க் பாடகி பட்டி ஸ்மித் 1971இல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் கவிதை வாசித்தபோது உடன் கிதார் வாசித்த லென்னி கே ஓர் இசை விமர்சகர். லண்டனில் மார்க் பெர்ரி முதலில் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற ரசிகர் சிற்றிதழை நடத்தினார், பிறகுதான் பாடவந்தார். பங்கின் இன்னொரு முன்னோடியான ராமோன்ஸ் குழு இந்தக் கணக்கில் அடங்காது, அடங்க வேண்டியதுமில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: பாட்டு தந்த புகழ் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரைகளை யார் அச்சிட்டிருப்பார்கள்? உண்மைதான். புகழ் அவருக்கு வாசகர்களைத் தந்தது. ஆனால் சட்டைக் கிழிசலைக்கூடத் திட்டமிட்டுச் செய்யும் கண் அதற்கு முன்பே இருந்தது. ஒரு படத்தைப் பற்றி அவர் எழுதும்போது பார்ப்பதும் அதே கண்தான். பங்க் அறிவுலகத்துக்கு எதிரி, ஆகவே ஹெல் கட்டுரையாளரானது துரோகம் என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை; அதற்கான பதிலை நிறுவனங்களே சொல்லிவிட்டன. 2003இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகம் ஹெல்லின் ஆவணங்களை வாங்கியது. 2013இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பங்க் உடைகளைக் கண்காட்சியாக வைத்தபோது அதன் நூலுக்கு முன்னுரை எழுதியவர்களில் ஒருவர் ஹெல், மற்றொருவர் செக்ஸ் பிஸ்டல்ஸின் ஜான் லைடன்.