கம்பம் யாருடையது? தோட்டப்புறச் சாலை விளக்குகள் பற்றி அறிய வேண்டியவை

தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அதன் பிறகு கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பொழுது விடிய காலை மணி ஏழாகிவிடுகிறது. பெரட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் தொழிலாளியும், பள்ளிப் பேருந்துக்குச் சாலையோரம் நிற்கும் பிள்ளையும் இருட்டில்தான் புறப்பட வேண்டும். ஆகவே இங்கு சாலை விளக்கு என்பது மாலைக்கு மட்டுமல்ல, காலைக்கும் தேவையான பாதுகாப்பு.

விளக்கு எரியாவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கம்பம் யாருடையது என்பதே. தவறான இடத்தில் கொடுத்த புகார் அங்கேயே தங்கிவிடும்.

யார் பொறுப்பு?

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் வழியாகச் செல்லும் 5ஆம் எண் சாலையும், ஈஜோக் வழியாக அசாம் ஜாவாவுக்குச் செல்லும் 54ஆம் எண் சாலையும் கூட்டரசு சாலைகள். இவை பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவை. லாத்தார் நெடுஞ்சாலையில் பழுது என்றால் அதை நடத்தும் சலுகை நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். பட்டணத்துச் சாலைகளும், ஒப்படைக்கப்பட்ட தாமான் சாலைகளும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. கோல சிலாங்கூரில் அது நகராண்மைக் கழகம். கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் திட்டத்தில் பொருத்தப்பட்ட கம்பத்து விளக்குகளைத் தெனாகா நேஷனல் பராமரிக்கிறது. அதன் புகார் எண் 15454.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் தொடங்கி, இவ்வட்டாரத் தோட்டங்களின் உட்சாலைகள் பெரும்பாலும் தனியார் நிலம். அங்கு விளக்கு கேட்க வேண்டியது நிர்வாகத்திடம். தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் கூறுகிறது. லயத்துப் பாதைக்கும் விளக்கு வேண்டும் என்றால், தொழிற்சங்கக் கிளை வழியாக எழுத்து மூலம் கேட்பது நல்லது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, சாலைகள் ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கப்படும் வரை மேம்பாட்டாளரே பொறுப்பு.

பழுதைப் படிப்பது எப்படி?

ஒரே விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்போ அதன் உள் கருவியோ கெட்டிருக்கலாம். வரிசையாகப் பல விளக்குகள் அணைந்திருந்தால் மின்பெட்டியில் சுவிட்ச் விழுந்திருக்கலாம், அல்லது கேபிள் திருடு போயிருக்கலாம். பட்டப் பகலில் எரிந்தால், வெளிச்சத்தை உணரும் கருவி பழுதாகியிருக்கும். மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தால் அதன் ஆயுள் முடிகிறது என்று பொருள். சில இடங்களில் விளக்கில் குறையே இருக்காது. வளர்ந்த செம்பனை மட்டையோ மரக்கிளையோ வெளிச்சத்தை மறைத்திருக்கும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம் இரவு. ஒரு விளக்கு ஆண்டுக்குச் சுமார் 4,380 மணி நேரம் எரிகிறது. 24,000 மணி நேர ஆயுள் கொண்ட சோடியம் விளக்கு ஐந்தரை ஆண்டு வரும். 50,000 மணி நேரம் உழைக்கும் எல்இடி 11 ஆண்டுக்கு மேல் வரும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும்.

வெளிச்சம் அதிகமாக இருப்பது மட்டும் போதாது, சீராகவும் விழ வேண்டும். ஒரு கம்பத்தடியில் கண் கூசும் வெளிச்சமும் அடுத்த கம்பம் வரை இருட்டும் இருந்தால், நடுவில் நடப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார். சாலை விளக்கு வடிவமைப்புக்கு எம்.எஸ். 825 என்ற மலேசியத் தரநிலை உள்ளது. எல்லா இடத்திலும் விளக்கு போட முடியாதபோது சந்திப்பு, பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், தோட்ட நுழைவாயில் ஆகியவை முதலிடம் பெற வேண்டும்.

புதிய ‘ஸ்மார்ட்’ விளக்குகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கருவி உண்டு. விளக்கு கெட்டால் அது கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் அனுப்பும். நடுநிசிக்குப் பிறகு வெளிச்சத்தைக் குறைத்து, விடியற்காலையில் மறுபடி கூட்டவும் முடியும். அத்தகைய விளக்கு இல்லாத இடத்தில், பழுதைச் சொல்ல வேண்டியவர்கள் குடியிருப்பாளர்கள்தான்.

மின்மினிக்கும் இடம்

கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் கூடும் மின்மினிகள், இணையைத் தேடித்தான் மினுக்குகின்றன. பலத்த வெளிச்சம் அந்த அழைப்பை மறைத்துவிடும். ஆற்றை ஒட்டிய சாலைகளில் கீழ்நோக்கி மட்டும் ஒளி வீசும், மூடியுள்ள, மஞ்சள் கலந்த விளக்குகளே பொருத்தமானவை.

புகார் கொடுக்கும்போது கம்ப எண், சாலைப் பெயர், அருகிலுள்ள அடையாளம், ஒரு விளக்கா வரிசையா, எந்த நாள் முதல் என்பவற்றைப் படத்துடன் தர வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைப்பது முக்கியம். ஒரே கம்பத்துக்குப் பல வீட்டார் தனித்தனியாகப் புகார் கொடுப்பதும் பலன் தரும்.